9 என்றால் நவம்பர்

காசிமேடு கல்லறையில் எங்கள் குடும்பக் கல் ஒன்று இருக்கிறது. இரண்டரை அடி உயரம், கடல் காற்றில் பொரிந்துபோன கல். போன வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று வழக்கம்போலத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். பத்து வயதுப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "தே. ஞானப்பிரகாசம். இறப்பு 9-3-1958. வயது 6..." அடுத்த இலக்கம் உதிர்ந்துவிட்டிருந்தது. "தே-ன்னா என்னப்பா?" என்றான்.

ஞானப்பிரகாசம் என் கொள்ளுத் தாத்தா. தே என்பது அவருடைய அப்பா, அதாவது என் எள்ளுத் தாத்தா. அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தேன். அப்பாவின் அக்கா, 78 வயது. குடும்பத்தில் எந்தச் சேதி வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்போம். "தேவராஜுன்னு நினைக்கிறேன்," என்றவர் கொஞ்சம் கழித்து, "தேவதாஸோ என்னவோ," என்றார். அத்தை இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

அந்த ஓர் எழுத்துக்கு எட்டரை மாதமும், 5,240 ரூபாயும், ஆறு நாள் லீவும் போயின. விடை கிடைத்தது. நான் கேட்காத ஒரு விடையும் கூடவே வந்தது. சறுக்கிய இடங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது இரண்டு நாள் லீவாவது மிச்சமாகும்.

முதல் வேலை அத்தையிடம் உட்கார்ந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், போனில் ஒலிப்பதிவு, மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல். நான் கேட்ட கேள்வி தப்பு. "யார் யார் பேரு என்ன?" என்று கேட்டேன். நம் வீடுகளில் பெரியவர்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? போட்டு தாத்தா, பெரிய ஆயா, கல்மண்டபத்து ஆயா, எம்டன் பாப்பா. நாலு மணி நேரத்தில் இப்படி இருபத்திரண்டு கூப்பிடு பெயர்கள் சேர்ந்தன. கோவில் புத்தகத்தில், அதாவது எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதி வைக்கிற பதிவேட்டில், தேட உதவுகிற பெயர் மூன்றுகூடத் தேறவில்லை. எந்தத் திருநாளை ஒட்டிப் பிறந்தார், எந்தக் கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றது யார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டிருந்தால் அத்தை கொட்டியிருப்பார். அதை நான் கற்றுக்கொண்டது ஏழாவது மாதத்தில்.

அடுத்தது சென்சஸ். இதில் முழுசாக ஏமாந்தேன், யாரும் ஏமாற்றவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வம்சம் தேடும் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருந்தேன். இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்து வீட்டு வாரியான கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் வருஷத்துத் தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன. அமெரிக்காவில் 72 வருஷம். 1950-ஆம் வருஷத்தது 2022 ஏப்ரலில் வந்தது. ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் வீட்டு எண்ணையே திரையில் விரலால் காட்டுகிறார். நமக்கும் இங்கே எங்காவது ஒரு கட்டு இருக்கும், ராயபுரம் என்று சீட்டு ஒட்டியிருக்கும் என்று நம்பி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடம், பழைய மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். பேனா கூடாது, பென்சில் மட்டும். நாலு நாள் லீவு போட்டேன்.

கேட்டதையெல்லாம் பொறுமையாக எடுத்துத் தந்தார்கள். நான்தான் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே வீட்டு வாரியாக எழுதிய தாள்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் வைத்துக்கொள்வதில்லை. மிஞ்சுவது அறிக்கை. தவிர, 1948-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிடவும் முடியாது, கோர்ட்டில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. நூறு வருஷம் கழித்துத் திறப்போம் என்ற பேச்சே இங்கே இல்லை.

ஆனாலும் நாலு நாளும் அறிக்கைகளைப் புரட்டினேன். பட்டணத்தில் 1871-இல் 3,97,552 பேர். 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி, இந்தியா முழுக்க ஒரே நாளில் எண்ணிய முதல் கணக்கில் 4,05,848 பேர். பத்து வருஷத்தில் எட்டாயிரம்தான் கூடியிருக்கிறது. நடுவில் 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். மாகாணம் முழுவதையும் எடுத்தால் தொகை குறைந்தே இருக்கிறது. இதை அப்போது நோட்டில் குறித்ததோடு சரி. எனக்கு இதில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன். இந்த அறிக்கைகள் இணையத்தில் ஸ்கேனாகவே கிடைக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. நாலு நாள் லீவையும் வீட்டிலேயே கழித்திருக்கலாம்.

இன்னொரு தண்டச் செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வம்சம் தேடும் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றுக்கு மூன்று மாதச் சந்தா, 1,450 ரூபாய். அதில் இருக்கும் சென்னைப் பதிவுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள என்/2 வரிசையிலிருந்து வந்தவை. கம்பெனி காலத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பிரதிகள். வெள்ளைக்காரர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் தேடுகிறவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். ராயபுரத்துத் தமிழ்க் கத்தோலிக்கனுக்கு அதில் அநேகமாக இடம் இல்லை.

ஜனவரியில்தான் கோவிலுக்கு வந்தேன். அங்கே முதலில் போயிருக்க வேண்டும். கத்தோலிக்கக் கோவில்களில் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் புத்தகம் வைக்க வேண்டும் என்பது 1563-இல் திரிதெந்து என்ற திருச்சபைச் சங்கம் போட்ட உத்தரவு. அடக்கப் புத்தகம் அதற்குப் பின்னால் சேர்ந்தது. சங்கம் எங்கோ இத்தாலியில் கூடியது. அந்த உத்தரவின் தயவால் கல்மண்டபத்துப் படகுக்காரன் பிள்ளைக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பங்குச் சாமியாரிடம், அதாவது எங்கள் கோவில் பாதிரியாரிடம், கடிதம் வாங்கிக்கொண்டு போனதால் அனுமதி சிக்கலாகவில்லை. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை, ஆபீஸ் அறையில், மேசையை விட்டுப் புத்தகம் நகரக் கூடாது. 1885 முதல் 1893 வரையிலான ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றரை அடி உயரம். முதுகுத் தையல் விட்டிருந்தது. ராமபாணப் பூச்சி ஓரங்களை வரைபடம்போல அரித்திருந்தது. அந்தக் காலத்து இரும்பு மை நாளாக நாளாகப் பழுப்பாகும், அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே தின்னும். ஓர் எழுத்து முழுசாக ஓட்டையாகி, பின்பக்கத்து எழுத்து அதன் வழியே எட்டிப் பார்க்கும்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. கையுறை வாங்கி வைத்திருந்தேன். துணிக் கையுறையில் விரலுக்கு உணர்வு இல்லாமல் தாளைக் கிழித்துவிடுவோம், சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்ந்த கையே போதும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். அது சரிதான். 280 ரூபாய்க்கு ஒரு சின்ன எல்இடி டார்ச். மேலிருந்து அடித்தால் வெளிச்சம் எழுத்தை விழுங்கிவிடுகிறது. மேசை மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் அடித்தால் பேனா முள் அழுத்திய தடம் நிழலாகத் தெரிகிறது. மங்கின பழுப்பு மைக்கு இன்னொரு வழி: போட்டோவைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது. இலவச ஆப்பிலேயே செய்யலாம். கண்ணுக்கு வெறும் கறையாக இருந்த ஒரு வரி நீலத்தில் முழுசாக எழுந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புத்தகம் லத்தீன். அதற்குப் பயந்திருந்தேன், ஆனால் ஒவ்வொரு பதிவும் ஒரே வாய்ப்பாடு. இந்தத் தேதியில் நான் ஞானஸ்நானம் கொடுத்தேன், இன்ன பெயர், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த பிள்ளை, ஞானப் பெற்றோர் இன்னார். பதினைந்து வார்த்தை தெரிந்தால் போதும். மாட்டிக்கொண்டது லத்தீனில் இல்லை, பெயரில். பின்பக்கத்து அட்டவணை ஞானஸ்நானப் பெயர் வரிசைப்படி இருந்தது. அதில் ஞானப்பிரகாசம் என்று ஒருவர்கூட இல்லை. தேவராஜ் இல்லை, தேவதாஸ் இல்லை. மூன்று சனிக்கிழமை போனது. எங்கள் ஆட்கள் இந்தக் கோவிலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாலாவது சனிக்கிழமை ஒரு வயதான உபதேசியார் வேறு வேலையாக அங்கே வந்தார். என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது ராயப்பர் ஊரு. ராயப்பர் யாரு? பீட்டர். லத்தீன்ல பேத்ருஸ்ன்னுதான எழுதுவான்? நீ ராயப்பன்னு தேடுனா எங்க கெடைக்கும்?"

ராயபுரம் என்ற பெயரே பேதுருவின் தமிழ்ப் பெயரிலிருந்து வந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதை என் தேடலுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யொவான்னெஸ். சூசை ஜோசெஃபுஸ். சவரி சவேரியுஸ். யாகப்பனும் சந்தியாகுவும் ஒரே யாக்கோபுஸ். ஞானப்பிரகாசம்? "அலோய்சியுஸ்." தேவ என்று தொடங்குகிற பெயர்? "தேவசகாயமா இருந்தா லாசருஸ்." வீட்டில் கூப்பிட்டது தமிழ்ப் பெயர், புத்தகத்தில் ஏறியது லத்தீன் பெயர். இந்த ஒரு பக்கப் பட்டியலை எழுதிக்கொள்ளாமல் யாரும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

அட்டவணையில் அலோய்சியுஸ் பதினான்கு பேர். அப்பா லாசருஸ் என்றிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் 1888 ஜூன் 24. இன்னொருவர் 1889, மாதம் 9 என்று எண்ணில் போட்டிருந்தது, அதாவது செப்டம்பர் என்று எடுத்துக்கொண்டேன். முதலாமவரின் அம்மா மரியா, இரண்டாமவரின் அம்மா அன்னா. கல்லில் வயது 6-க்குப் பிறகு உதிர்ந்திருந்ததால் 69, 68 இரண்டுமே பொருந்தும்.

நான் ஜூனைத் தேர்ந்தெடுத்தேன். ஞானப்பிரகாசியார் திருநாள் ஜூன் 21. மூன்று நாள் கழித்து ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? இவ்வளவு அழகாகப் பொருந்துகிற காரணம் கிடைத்துவிட்டால் மனசு அதற்குமேல் சாட்சி கேட்பதில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் முழுக்க அந்த மரியாவின் பின்னால் போனேன். மரியாவின் அண்ணன் தம்பி, அவர்களின் பிள்ளைகள் என்று முப்பத்தொரு பேர் எக்ஸெல் தாளில் ஏறினார்கள். ஈஸ்டருக்கு மூன்றுக்கு நாலு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து, 640 ரூபாய், அத்தை வீட்டு ஹாலில் மாட்டினேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். "தாத்தா பொறந்தது ஜூனா? கல்லறைத் திருநாள் முடிஞ்சு அடுத்த வாரம் தாத்தாவுக்குப் பொறந்த நாளுன்னு பாயசம் வெப்பாங்களே."

"அது வேற யாருக்காவது இருக்கும் அத்தை. புத்தகத்திலேயே இருக்கு," என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் மரியாவின் சாவுத் தேதிக்காக அடக்கப் புத்தகத்தைத் திறந்தேன். 1891 பக்கத்தில் ஒரு வரி. அலோய்சியுஸ், லாசருஸ்-மரியா மகன், வயது மூன்று, அடக்கம். என் கொள்ளுத் தாத்தா மூன்று வயதில் செத்துப்போயிருந்தார்! அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். முப்பத்தொரு பேரும் வேற்று ஆட்கள். வாயும் வயிறுமாகக் குழந்தையைச் சுமந்து, பெற்று, மூன்று வருஷத்தில் மண்ணுக்குக் கொடுத்த யாரோ ஒரு மரியாவை அத்தை வீட்டு ஹாலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். ஃப்ளெக்ஸைக் கழற்றப் போனபோது அத்தை காரணம் கேட்கவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் வெயிலுக்குப் போட்டிருக்கிறது.

இதிலிருந்து எழுதி ஒட்டிக்கொண்ட விதி: ஞானஸ்நானப் பதிவு கிடைத்த அன்றே, அதே பெயருக்கு அடுத்த ஐந்து வருஷத்து அடக்கப் புத்தகத்தைப் பார். அந்தக் காலத்தில் அத்தனை குழந்தைகள் செத்திருக்கின்றன. பக்கத்துக்குப் பத்துப் பதிவென்றால் அதில் நாலைந்து பதிவு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடையவை.

சரி, மிஞ்சியது 1889 செப்டம்பர். ஆனால் அத்தை நவம்பர் என்கிறார். இந்தத் தடவை அத்தையை நம்பி, அந்தப் பக்கத்தின் போட்டோவைத் திறந்தேன். ஜனவரியிலேயே எடுத்தது. 9 என்ற எண்ணை ஒட்டி மேலே சின்னதாக 'பிரிஸ்' என்று எழுத்துகள் இருந்தன. நான் அதை ஏதோ கிறுக்கல் என்று விட்டிருந்தேன். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி போய் முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டினேன். ஆகஸ்டுக்கு அடுத்து 7பிரிஸ். அதற்கடுத்து 8பிரிஸ், அப்புறம் 9பிரிஸ், கடைசியில் ரோமன் பத்து போட்டு ஒரு பிரிஸ். அதற்குப் பிறகு ஜனவரி. பழைய ரோமானிய வருஷம் மார்ச்சில் தொடங்கியதால் செப்டம்பர் ஏழாவது, நவம்பர் ஒன்பதாவது. லத்தீனில் நொவெம் என்றாலே ஒன்பது. 9பிரிஸ் என்றால் நவம்பர்! தேதி 1889 நவம்பர் 10, கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம். அத்தையின் பாயசம் சரி, என் ஃப்ளெக்ஸ் தப்பு.

ஆளைப் போட்டோ எடுக்கிற மாதிரி அந்தப் பதிவை மட்டும் எடுத்ததுதான் நான் செய்த பிசகு. முன் பக்கமும் பின் பக்கமும் எடுத்திருந்தால் ஜனவரியிலேயே வரிசை காட்டிக் கொடுத்திருக்கும்.

அன்றைக்குப் பதிவின் ஓரத்தையும் பார்த்தேன். வேறு கையெழுத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 1913-இல் கல்யாணம், பெண் பெயர், இன்னொரு கோவிலின் பெயர். 1908 ஈஸ்டரிலிருந்து அமலுக்கு வந்த ரோமாபுரிச் சட்டப்படி, ஒருவருக்குக் கல்யாணமானால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அதனால் இருபதாம் நூற்றாண்டில் கல்யாணம் ஆனவர்களுக்கு ஓரக் குறிப்பே வழிகாட்டி.

அந்த இன்னொரு கோவில் நடந்து போகிற தூரம்தான். இத்தனை மாதம் நான் அங்கே எட்டிப் பார்க்காததற்குக் காரணம், 'நம்ம பங்கு' என்று ஒன்றை மட்டும் மனசில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் பட்டணத்துக் கோவில்கள் இரண்டு மேற்றிராணியார்களுக்கு, அதாவது ஆயர்களுக்கு, கீழே பிரிந்து கிடந்தன. ஒன்று 1606-இல் ஏற்பட்ட போர்ச்சுக்கல் வழி மயிலாப்பூர் மேற்றிராசனம், மற்றது ரோமாபுரி நேராக நடத்திய மெட்ராஸ் நிர்வாகம். 1952-இல்தான் இரண்டும் ஒன்றாயின. ஒரே தெருவில் இருக்கிற இரண்டு வீட்டின் பதிவு இரண்டு நிர்வாகத்தின் புத்தகங்களில் இருக்கலாம். கல்யாணமோ பெண் வீட்டுக் கோவிலில் நடக்கும்.

1913 கல்யாணப் பதிவு அச்சடித்த ஆங்கிலப் படிவத்தில் இருந்தது. 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவக் கல்யாணச் சட்டம் கேட்கிற கட்டங்கள்: வயது, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர். மாப்பிள்ளையின் தகப்பன் பெயர்க் கட்டத்தில் லாசருஸ் இல்லை. தேவசகாயம் என்று ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பையன் கேட்ட தே!

தொழில் கட்டத்தை முதலில் 'டெய்லர்' என்று படித்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால் டிண்டல். தண்டல்காரர், படகுக்குத் தலைவர். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள் அலையைக் கடந்து போய் ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். 1913-இல் துறைமுகம் வந்துவிட்டிருந்தது, படகு வேலை சுருங்கிவிட்டிருந்தது. இருந்தாலும் எங்கள் போட்டு தாத்தா சும்மா போட்டு தாத்தா ஆகவில்லை.

குறிப்புக் கட்டத்தில் இன்னொன்று. இரத்த உறவுத் தடையில் இரண்டாம் படிக்கு விலக்கு. அந்தக் காலத்துத் திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள். நமக்கு மாமன் மகளைக் கட்டுவது முறை, அவர்களுக்கு அது தடை, விலக்கு வாங்கி எழுத வேண்டும். அந்தத் தொல்லையால் நமக்கு லாபம். பெண்ணின் அப்பா பெயர் சவேரியுஸ். 1889-இல் கொள்ளுத் தாத்தாவுக்கு ஞானத்தந்தையாக நின்றவரும் சவேரியுஸ். மாமன்காரன் ஞானத்தந்தையாக நின்று, இருபத்துநாலு வருஷம் கழித்துத் தன் பெண்ணையே கொடுத்திருக்கிறார். இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இந்த முறை இது வேற்று ஆள் இல்லை என்று நிச்சயமானது இங்கேதான். பெயர் பொய் சொல்லும், ஞானத்தந்தை பொய் சொல்ல மாட்டார்.

ஜூலையில் தேவசகாயத்துக்குப் போனேன். 1889-க்கு முன்னால் ஒவ்வொரு வருஷமாகப் பின்னோக்கி, குழந்தைகளின் பட்டியலில் லாசருஸ் என்று தேடினேன். குழந்தை லாசருஸ்கள் பலர், யாரும் பொருந்தவில்லை. 1877 ஆகஸ்டில் அகப்பட்டார். குழந்தை இல்லை. 'அதுல்துஸ்', வளர்ந்த ஆள். வயது சுமார் பதினெட்டு. பெற்றோர் 'பகானி', அஞ்ஞானிகள், அதாவது கிறிஸ்தவர் அல்லாதவர்கள். ஞானத்தந்தை அதே சவேரியுஸின் தகப்பன். பின்னால் தேவசகாயத்துக்கு மாமனாராகப் போகிறவர். அதே வாரத்தில் வளர்ந்தவர்கள் பதிவு மட்டும் பதினொன்று. சாதாரண வருஷத்தில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

1877 ஆகஸ்டு. காப்பகத்தில் பென்சிலால் குறித்துவிட்டு மறந்த அந்தக் கணக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 1876-இல் மழை பொய்த்து ஊர் ஊராக ஜனங்கள் பட்டணத்துக்கு நடந்து வந்த வருஷம். கப்பலில் வந்த தானிய மூட்டைகளை மெட்ராஸ் கடற்கரையில் மலைபோல அடுக்கியிருந்தார்கள். இறக்க ஆள் வேண்டும், படகு வேண்டும். ராயபுரத்திலிருந்து 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது, மூட்டைகள் அதில் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. நிவாரண வேலை செய்கிறவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ஓர் அதிகாரி விதித்தபோது, அது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்து எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவர். அவர்தான் 1871 சென்னை மாகாணக் கணக்கெடுப்பு அறிக்கையையும் எழுதியவர். நாலு நாள் நான் புரட்டிய அதே அறிக்கை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் எந்தப் படகில் முதல் மூட்டையைத் தூக்கினான் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. 1881 பிப்ரவரி 17-இல் எண்ணிய அந்த 4,05,848 பேரில் அவனும் ஒருவன். சென்சஸ் எனக்குத் தந்தது அந்த 'உம்' மட்டும்தான்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த கதை, சவேரியார் 1545-இல் மயிலாப்பூர் வந்தபோது அவர் கையால் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் நாங்கள் என்பது. கல்யாணப் பேச்சுகளில் அதை எடுத்து வீசியிருக்கிறோம். அத்தை தன் கல்யாணத்தின்போதும் கேட்டதாகச் சொல்வார். போட்டோவைக் காட்டிச் சொன்னேன்: பஞ்சம், நடந்து வந்தது, அஞ்ஞானப் பெற்றோர், 1877.

அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "பதினெட்டு வயசு," என்றார். அப்புறம், "இத ஃப்ளெக்ஸ்ல போடாத," என்றார்.

போடவில்லை. கல்லில் மட்டும் வேலை இருக்கிறது. உதிர்ந்த இலக்கம் 8 என்று இப்போது தெரியும், கொத்தச் சொல்லியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு: சந்தா 1,450, ஃப்ளெக்ஸ் 640, டார்ச் 280, காப்பகத்தில் நகல் 180, கோவில்களுக்குக் காணிக்கை 1,500, ஆட்டோ பஸ் 1,100, நோட்டும் பென்சிலும் 90. மொத்தம் 5,240. இதில் 2,090 சுத்த வீண். மறுபடி தொடங்கினால் வரிசையைத் தலைகீழாக மாற்றுவேன்: முதலில் கல், பிறகு அத்தை, அப்புறம் கல்யாணப் புத்தகம், அதிலிருந்து ஞானஸ்நானம். நான் போனது ஞானஸ்நானத்திலிருந்து கல்யாணத்துக்கு. கல்யாணப் படிவத்தில் தமிழ்ப் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்தே இருப்பதால் அதைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி. 1877 பதிவில் தேவசகாயத்தின் ஊர்ப் பெயர் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லா, அதற்கு முன்னால் 'கோவ்' என்று வாசிக்கிற அளவுக்கு எழுத்துகள், அதற்கு மேல் மை தாளைத் தின்று ஓட்டை. டார்ச், நீலம் எதுவும் உதவவில்லை. ஓட்டையில் என்ன தெரியும்? கோவளமாக இருக்கலாம், கடற்கரை ஊர். குன்றத்தூர் பக்கத்துக் கோவூராகவும் இருக்கலாம், ஏரிப் பாசன ஊர். மீன்பிடித்தவரா, ஏர் பிடித்தவரா என்பது அந்த ஓட்டைக்குள் இருக்கிறது.

இந்த முறை நேராக அத்தையிடம் போனேன், பெயர் கேட்கவில்லை. எம்டன் பாப்பாவுக்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்டேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதும் பட்டணமே கிளம்பி ஓடியது. கொள்ளுத் தாத்தா நிறைமாத மனைவியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனாராம். பாப்பா அங்கே பிறந்தது. ராயபுரத்துப் புத்தகத்தில் அந்தப் பிள்ளையின் ஞானஸ்நானம் இல்லை, பார்த்துவிட்டேன்.

"எந்த ஊருன்னு தெரியலடா. வழியில ஒரு ராத்திரி சத்திரத்துல தங்கினாங்களாம், அது மட்டும் தாத்தா சொல்லுவாரு."

ராயபுரத்திலிருந்து கோவூர் இருபது கிலோமீட்டர் சொச்சம், வண்டி விடியற்காலை கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடும். கோவளம் நாற்பது சொச்சம். சாமியாரிடம் அடுத்த கடிதம் வாங்கியாகிவிட்டது. இந்த முறை முன் பக்கமும் பின் பக்கமும் சேர்த்து எடுப்பேன்.